மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஏன் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று நிற்கிறார்கள்?

விஸ்கான்சினில் குடியேறியுள்ள ஒருவர் கேட்டிருக்கிறார்: நவம்பர் மாத மான் வேட்டைக்கு அலுவலக நண்பர் அழைத்திருக்கிறார், இலையும் சருகும் அச்சிட்ட உருமறைப்பு உடையை அணிந்து, அதன்மேல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலாடையையும் தொப்பியையும் மாட்டிக்கொள்ளச் சொல்கிறார். மறைந்திருக்க ஓர் உடை, தெரிய ஓர் உடை என்பது முரணாக இல்லையா? மான் ஓடிவிடாதா? இதனால் உண்மையிலேயே பாதுகாப்பு உண்டா? வேட்டைக்குப் போகாமல், அதே காலத்தில் குடும்பத்தோடு காட்டுப் பாதையில் நடக்கப் போனால் நாங்களும் இதை அணிய வேண்டுமா? இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே நம் வாழ்க்கையிலிருந்து விலகிவிட்டதால், இந்தக் கேள்விகள் நம்மவர்களுக்கு எழுவது இயல்புதான்.

முரண் எதுவும் இல்லை. உருமறைப்பு உடை மானின் கண்ணுக்காக. ஆரஞ்சு உடை, அதே காட்டில் துப்பாக்கியோடு இருக்கும் இன்னொரு மனிதரின் கண்ணுக்காக. இந்த இரண்டு கண்களும் உலகத்தை ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதால்தான் இரண்டையும் ஒரே உடம்பில் அணிய முடிகிறது.

நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. விஸ்கான்சினில் வேட்டையாடப்படும் வெள்ளைவால் மானுக்கு இரண்டே வகை. 1990-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், உயிருள்ள மான்களின் விழித்திரை ஒளிக்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை நேரடியாக அளந்து பார்த்தார்கள். ஒரு வகைக் கூம்பு 450 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியிலும், மற்றொன்று 537 நானோமீட்டர் அளவிலான பச்சை ஒளியிலும் உச்ச உணர்வு கொண்டவை எனத் தெரிந்தது. நமக்குச் சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து பிரித்துக் காட்டும் மூன்றாவது வகை மானிடம் இல்லை. ஆகவே நமக்குத் தீப்பிழம்பு போலத் தெரியும் மேலாடை அதன் கண்ணில் சுற்றியுள்ள புல், சருகு ஆகியவற்றின் சாயலோடு கலந்த ஒரு மங்கல் நிறமாகவே படும். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றைப் பிரித்தறிய முடியாத மனிதர் ஒருவரின் பார்வையை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம்.

ஆனால் இதை வைத்து எந்த உடையும் மானுக்குத் தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நீல நிறம் அதற்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நம் கண்ணின் வில்லை புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மானின் வில்லை அவ்வாறு தடுப்பதில்லை. துணியை வெளுப்பாகக் காட்டுவதற்காகச் சலவைத் தூள்களில் சேர்க்கப்படும் ஒளிர்வூட்டிகள் புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக உமிழ்வன. அப்படிப்பட்ட தூளில் துவைத்த உருமறைப்புச் சட்டை, கடையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும், விடியல் வெளிச்சத்தில் மானின் கண்ணுக்குத் தனித்துத் தெரிய வாய்ப்புண்டு. நீல ஜீன்ஸும் அப்படியே. ஆரஞ்சு மேலாடையைப் பற்றிக் கவலைப்படும் பலர், அதைத் துவைக்கும் தூளைப் பற்றி யோசிப்பதே இல்லை. தவிரவும், மான் மனிதனைக் கண்டுகொள்வது பெரும்பாலும் அசைவாலும் வாடையாலும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அதை நோக்கி வீசினால் நீங்கள் எந்த நிறத்தில் இருந்தாலும் அது நிற்கப்போவதில்லை.

இனி மனிதக் கண்ணுக்கு வருவோம். எச்சரிக்கைக்கு உரியது சிவப்பு என்ற பழக்கத்தில்தான் முதலில் சிவப்பு உடை வந்தது. விஸ்கான்சினே 1945-இல் மான் வேட்டைக்காரர்களுக்குச் சிவப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல வெயிலில், நிறப்பார்வைக் குறைபாடு இல்லாதவருக்குச் சிவப்பு தெரியத்தான் செய்யும். ஆனால் வேட்டை சூடுபிடிப்பது நல்ல வெயிலில் அல்ல. மான் நடமாடுவது விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலும். பெரும்பாலான மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்தே சுடுவதற்கு அனுமதியும் உண்டு. வெளிச்சம் குறையக் குறைய, நம் பார்வை கூம்புச் செல்களிடமிருந்து கோல் செல்களிடம் கைமாறுகிறது. கோல் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. நவம்பர் மாலையில், இலையுதிர்ந்த ஓக் மரங்களுக்கு நடுவே நூறு அடி தொலைவில் நிற்பவரின் சிவப்புச் சட்டை முதலில் அரக்காகும், பிறகு பழுப்பாகும், பத்து நிமிடங்களில் மரப்பட்டையின் நிறத்துக்கே வந்துவிடும். மரப்பட்டையின் நிறம்தான் மானின் நிறமும். போதாக்குறைக்கு, ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு-பச்சைப் பார்வைக் குறைபாடு உண்டு. சிவப்பைப் பழுப்பிலிருந்து பிரிக்க அவர்களில் பலருக்கு நண்பகலிலேயே இயலாது.

ஒளிரும் ஆரஞ்சு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. சாதாரணச் சாயம் தன்மேல் விழும் ஒளியில் தன் நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு மற்றதை விழுங்கிவிடும். ஒளிரும் சாயமோ, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் நீலத்தையும் உள்வாங்கி, அந்த ஆற்றலை ஆரஞ்சு அலைநீளத்தில் மறுபடி உமிழ்கிறது. அந்தந்த அலைநீளத்தில் விழும் ஒளியைவிட அதிகமாகவே அது வெளியே வருவதால்தான், விளக்கு ஏதும் இல்லாமலேயே துணி தானாக எரிவது போன்ற தோற்றம் உண்டாகிறது. அந்தி வெளிச்சத்திலும் மேகமூட்டத்திலும் நீலத்தின் பங்கு அதிகம் என்பதால், மற்ற நிறங்கள் மங்கும் நேரத்தில் இது ஒப்பீட்டளவில் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. இத்தகைய சாயங்களை 1930-களில் உருவாக்கி வளர்த்தவர்கள் ராபர்ட் ஸ்விட்சர், ஜோசப் ஸ்விட்சர் என்ற அமெரிக்கச் சகோதரர்கள். டே-குளோ என்ற பெயரில் இன்றும் விற்பனையாகும் வண்ணங்கள் அவர்களுடையவை. இரண்டாம் உலகப் போரில் தரையிலிருந்து விமானங்களுக்கு அடையாளம் காட்டும் துணிப் பலகைகளாகப் பயன்பட்ட பிறகு, அவை மெல்ல வேட்டைக் காட்டுக்கு வந்தன. பல மாநிலங்களின் சட்டப் புத்தகங்களில் இந்த நிறம் அறிவியல் இலக்கணத்தோடே எழுதப்பட்டிருக்கிறது: முதன்மை அலைநீளம் 595-க்கும் 605-க்கும் இடைப்பட்ட நானோமீட்டர், நிறத்தூய்மை 85 விழுக்காட்டுக்குக் குறையாமல், ஒளிர்வுக் காரணி 40 விழுக்காட்டுக்குக் குறையாமல். பூசணிக்காய் நிறத்தில் ஒரு பழைய ஸ்வெட்டரை அணிந்துவிட்டு நானும் ஆரஞ்சுதான் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். ஒன்றை மட்டும் நினைவில் கொள்க: முழு இருட்டில் ஒளிர்வதற்கு ஒளி இல்லை, அப்போது இந்தத் துணியும் மற்றத் துணிகளைப் போன்றதே. விடியுமுன், மரத்தில் அமர்ந்து காத்திருக்கும் மேடைக்கு நடந்து போகும்போதும் இருட்டியபின் திரும்பும்போதும் கைவிளக்கு எரிந்தபடி இருக்க வேண்டும்.

பாதுகாப்பு எந்த அளவுக்கு என்பது அடுத்த கேள்வி. வேட்டை விபத்துகள் ஒரே வகையானவை அல்ல. தன் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொள்வது, மர மேடையிலிருந்து விழுவது ஆகியவற்றில் உடையின் நிறத்துக்கு எந்த வேலையும் இல்லை. ஆரஞ்சு தடுக்க முயல்வது, மனிதனை விலங்கென்று எண்ணிச் சுடுவதையும், சுடும் திசையில் ஆள் இருப்பது தெரியாமல் சுடுவதையும்தான். முதல் வகை எவ்வாறு நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். மானைப் பார்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு மணிக்கணக்கில் குளிரில் உட்கார்ந்திருப்பவரின் மனம், துண்டு துண்டாகக் கிடைப்பதைச் சேர்த்து முழு மானாக்கிவிடும். புதருக்குப் பின்னால் கிடைமட்டமாக ஒரு பழுப்புக் கோடு, ஒரு சருகுச் சத்தம், சட்டென்று மின்னி மறையும் ஒரு வெள்ளை. கொம்பும் காதும் மனத்தில் தாமாகவே முளைத்துவிடும். காட்டில் இயற்கையாக எங்குமே இல்லாத ஒரு நிறம் அந்தக் காட்சிக்குள் ஒரு கையளவு புகுந்தாலும் போதும், அந்தக் கற்பனை கலைந்துவிடும்.

மேய்ன் மாநிலத்தில் பாங்கர் நகருக்கு அருகிலுள்ள ஹெர்மன் என்ற ஊரில் 1988 நவம்பரில் நடந்தது இதற்குக் கொடுமையான சான்று. கைக்குழந்தைகளான இரட்டையரின் தாய் ஒருவர், தம் வீட்டுக் கொல்லைப்புறத்து மரங்களுக்கு அருகே நின்றிருந்தபோது, ஸ்கோப் என்ற குறிநோக்கி பொருத்திய ரைபிளோடு வந்த மான் வேட்டைக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கையில் வெள்ளைக் கையுறைகள் இருந்தன. மிரண்ட வெள்ளைவால் மான் உயர்த்தும் வாலின் வெண்மையோடு அது குழம்பியிருக்கலாம் என்று பரவலாகப் பேசப்பட்டது. ஆரஞ்சு அணியாதது அவருடைய தவறுதான் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். 1990-இல் நடுவர் குழு வேட்டைக்காரரை விடுவித்தது. அதன்பின் எழுந்த விவாதத்தின் விளைவாக, 1991-இல் மேய்ன் சட்டம் திருத்தப்பட்டு, சுடுவதற்கு முன் இலக்கின் தலையையும் உடற்பகுதியையும் பெரிய மறைப்பு ஏதுமின்றிப் பார்த்து உறுதிசெய்துகொள்வது சுடுபவரின் கடமை என்று எழுதப்பட்டது. என் பார்வையில் இந்தத் திருத்தம் எந்த ஆரஞ்சுச் சட்டத்தையும்விடப் பெரியது. ஆரஞ்சு இல்லாத எதுவும் மான் என்ற எண்ணம் வேட்டைக்காரர்களிடம் படிந்துவிட்டால், அணிந்தவரைக் காக்கும் அந்த உடையே அணியாதவரை ஆபத்தில் தள்ளிவிடும்.

விஸ்கான்சினின் அனுபவம் நல்ல செய்தி. 1966-இல் ஒரு லட்சம் வேட்டைக்காரர்களுக்கு 44 பேர் என்ற அளவில் காயம் பட்டார்கள்; இப்போது அது ஏறத்தாழ 4 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒன்பதே நாட்களில் துப்பாக்கியோடு காட்டில் இறங்கும் மாநிலத்துக்கு இது சிறிய சாதனை அல்ல. ஆனால் இந்த இறக்கம் முழுவதையும் ஆரஞ்சின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. அங்கே வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி 1967-இல் தொடங்கியது. ஆரஞ்சு கட்டாயமானது 1980-இல்தான். 1973 ஜனவரி முதல் தேதியிலோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் அந்தப் பயிற்சியை முடிக்காமல் உரிமம் வாங்க முடியாது. பயிற்சியும் உடையும் சேர்ந்தே இதைச் செய்திருக்கின்றன. உடையின் தனிப்பங்கு எங்கே தெரிகிறது என்றால், விலங்கென எண்ணிச் சுடப்பட்டவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கும்போது. நியூயார்க் மாநிலத்தில் 1989 முதல் 1995 வரையிலான விபத்துகளை ஆராய்ந்து 1996-இல் வெளியான அறிக்கை, அப்படிச் சுடப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆரஞ்சு அணியாதவர்களே என்று காட்டியது.

அணிந்தால் போதும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 2006 பிப்ரவரியில் டெக்சாஸ் பண்ணை ஒன்றில் காடை வேட்டையின்போது, அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செய்னி, உடன் வந்திருந்த 78 வயது வழக்கறிஞரின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் சிறு குண்டுகள் பாயச் சுட்டுவிட்டார். சுடப்பட்டவர் ஆரஞ்சு அணிந்தே இருந்தார். பறவை மேலெழும், துப்பாக்கி அதைத் தொடர்ந்து திரும்பும், சுடுபவரின் கண் பறவையை மட்டுமே பார்க்கும். அந்த வளைவின் முடிவில் ஆள் நின்றால், தாழ்ந்த மாலைச் சூரியனுக்கு எதிரே எந்த நிறமும் உதவாது. ஒவ்வொருவரும் தமக்கு ஒதுக்கிய கோணத்துக்குள் மட்டுமே சுட வேண்டும் என்ற கட்டுப்பாடுதான் அங்கே காக்கும்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். விஸ்கான்சினில் துப்பாக்கி மான் பருவத்தின்போது இடுப்புக்கு மேல் அணியும் வெளியுடை ஒவ்வொன்றிலும் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சாகவோ ஒளிரும் இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும். தொப்பி அணிந்தால் அதிலும் பாதி. அந்த நாட்களில் வில்லோடு செல்பவருக்கும் இதுவே விதி. இளஞ்சிவப்பு 2016-இல் சேர்க்கப்பட்டது. பெண்களைக் கவர்வதற்கான வித்தை என்று அதைக் கேலி செய்த பெண் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள், ஆனால் கண்ணுக்குத் தெரிவதில் அது ஆரஞ்சுக்குச் சளைத்ததல்ல. கொலராடோவில் தொப்பி உட்பட 500 சதுர அங்குலம் வேண்டும், இடையிடையே உருமறைப்பு அச்சிட்ட ஆரஞ்சு செல்லாது. பென்சில்வேனியாவில் 250. கனடாவின் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் 400. பிரான்சில் கூட்டமாகச் சேர்ந்து விலங்குகளை விரட்டி வேட்டையாடும்போது ஒளிரும் மேலாடை 2020 முதல் கட்டாயம். எந்த மாநிலமானாலும் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அது இலவசமாகவே கிடைக்கும்.

உங்கள் நண்பர் வசந்த காலத்தில் வான்கோழி வேட்டைக்கும் அழைத்தால், இதுவரை சொன்னவற்றில் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டும். பறவைகளின் நிறப்பார்வை நம்முடையதைவிடச் செழுமையானது. ஆரஞ்சு வான்கோழிக்கு நன்றாகவே தெரியும். அதனால் அங்கே தலைமுதல் கால்வரை உருமறைப்போடு உட்கார்ந்து, வான்கோழியைப் போலவே குரல் கொடுக்கிறார்கள்; அதாவது வான்கோழியைத் தேடி வரும் இன்னொருவரின் காதுக்கு நீங்களே வான்கோழி. ஆண் வான்கோழியின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமும் கலந்தது என்பதால், இந்த மூன்று நிறங்களும் உடம்பில் எங்குமே, காலுறையிலும் கைக்குட்டையிலும்கூட, தெரியக் கூடாது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். யாராவது நெருங்கி வந்தால் கையை அசைக்காமல், அசையாமல் இருந்தபடியே உரக்கப் பேச வேண்டும். அசைவுதான் அவர் தேடிக்கொண்டிருப்பது. நடக்கும்போதும், சுட்ட பறவையைத் தூக்கி வரும்போதும் மட்டும் ஆரஞ்சை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். பறவையையும் ஆரஞ்சுத் துணியால் சுற்றிக்கொள்வது நல்லது.

மான் வேட்டைக்குத் திரும்புவோம். சட்டப்படி எல்லாம் அணிந்தும் பயனில்லாமல் போவது சின்னச் சின்ன விஷயங்களில்தான். மேலாடையின் மேல் முதுகுப் பையை மாட்டினால், பின்னாலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் ஒரு கரும்பச்சைப் பை மட்டுமே; பைக்கு மேலே உறை போடுங்கள், அல்லது மேலாடையைப் பையோடு சேர்த்து அணியும் அளவுக்குப் பெரிதாக வாங்குங்கள். மேடு ஏறும்போது வியர்க்கிறதென்று மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்பவர், அதோடு ஆரஞ்சையும் கழற்றிவிடுகிறார். தொப்பியை மட்டும் எதற்காகவும் கழற்றாதீர்கள். புதரில் குனிந்திருக்கும்போதும் மானைத் துண்டமிட மண்டியிடும்போதும் மற்றவருக்கு முதலில் தெரிவது தலைதான். கூடாரம் போன்ற மறைவிடத்துக்குள் உட்கார்ந்தால் உங்கள் உடை வெளியே தெரியாது என்பதால், அதன் வெளிப்புறத்தில் எல்லாத் திசையிலும் தெரியும்படி ஆரஞ்சுத் துணி கட்ட வேண்டும். விஸ்கான்சினின் மாநில நிலங்களில் குறைந்தது 144 சதுர அங்குலம் என்பது விதியே. சுட்ட மானை இழுத்து வரும்போது அதன் கொம்பிலும் உடலிலும் ஆரஞ்சு நாடாவைக் கட்டுங்கள், புதருக்கு மேலே கொம்பு மட்டும் அசைவதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. மிக முக்கியமாக, அசைவது என்னவென்று பார்க்க ரைபிளின் ஸ்கோப்பைப் பயன்படுத்தாதீர்கள். அப்படிப் பார்க்கும் கணத்தில் குழல் முனை அதை நோக்கித்தான் இருக்கிறது, அது மனிதராக இருந்தாலும். கழுத்தில் பைனாகுலர் தொங்கட்டும்.

ஒளிரும் சாயத்துக்கு ஆயுள் குறைவு. வெயிலும் சலவையும் அதைத் தின்றுவிடும். காரின் பின்கண்ணாடி ஓரம் ஆண்டு முழுவதும் கிடந்த மேலாடை, வெளிறிய பீச் நிறத்துக்கு வந்து, ஒளிர்வை இழந்திருக்கும். ஒளிர்வூட்டி சேராத தூளில் துவைத்து, நிழலில் உலர்த்தி, அலமாரியில் வையுங்கள். புதிய துணி ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்ற வேண்டுமா என்பது உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக, குடும்பத்தோடு நடக்கப் போவதைப் பற்றி. வேட்டையாடாதவர்கள் ஆரஞ்சு அணிய வேண்டும் என்று விஸ்கான்சின் சட்டம் சொல்லவில்லை, ஆனால் அணிந்துவிடுங்கள். துப்பாக்கி மான் பருவம் அங்கே, நவம்பரின் நான்காம் வியாழனான நன்றி தெரிவித்தல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். முதல் இரண்டு நாட்கள்தான் காட்டில் கூட்டம் மிகுந்தவை. மேய்னில் ஞாயிற்றுக்கிழமை வேட்டை இல்லை என்பதால் அன்று நடப்பவர்களுக்குச் சற்று நிம்மதி. விஸ்கான்சினில் அந்த விலக்கு கிடையாது. மாநிலப் பூங்காக்கள் பலவற்றிலும் குறிப்பிட்ட பகுதிகளில் வேட்டைக்கு அனுமதி உண்டு, வரைபடத்தை முன்கூட்டியே பாருங்கள். சாலைப் பணியாளர்கள் அணியும் எலுமிச்சை மஞ்சள் மேலாடை கைவசம் இருந்தால் ஒன்றுமில்லாததற்கு அது மேல், ஆனால் இலையுதிர் காலத்து மஞ்சள் இலைகளுக்கு நடுவே அது ஆரஞ்சு அளவுக்கு எடுபடாது. வெள்ளைக் கையுறை, வெள்ளைக் கம்பளித் தொப்பி, பழுப்புக் கோட்டு ஆகியவற்றை அந்த வாரம் வீட்டிலேயே விட்டுவிடலாம். குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகாமல், சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடங்கள். நாய்க்கும் ஒரு ஆரஞ்சு உடுப்பு உண்டு, அதைப் போட்டுக் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள். பிள்ளைகளின் மேலாடையைக் குளிர்கோட்டுக்கு மேலே அணியும் அளவில் வாங்குங்கள். கைக்குழந்தையை முதுகில் சுமக்கும் பை இருந்தால், உங்கள் மேலாடையை அது மறைத்துவிடும் என்பதால் அந்தப் பையின் வெளிப்பக்கத்திலும் ஓர் ஆரஞ்சுத் துணியை ஊக்கால் குத்திவிடுங்கள்.